மணிக்கணக்கும் சாதிக்கணக்கும்

போர் இப்போது நடக்கிற இடத்தில் மட்டும் நடப்பதில்லை. பார்க்கிற இடத்திலும் நடக்கிறது. பார்க்கிறவனுடைய தூக்கத்தில், வயிற்றில், பேச்சில் நடக்கிறது. இதை அளக்க முடியுமா என்று மேலைநாட்டு உளவியலாளர்கள் கால் நூற்றாண்டாகக் கேட்டு வருகிறார்கள். ஓரளவு அளந்தும் காட்டியிருக்கிறார்கள். அந்த அளவுகோலை நம் தெருவில் கொண்டுவந்து வைத்தால் அது எதை அளக்கும், எதை விட்டுவிடும்? இதுதான் என் கேள்வி. இதெல்லாம் படிப்பாளிங்க சமாச்சாரம், இயக்கத்துக்கு இதால என்ன என்று தோழர்கள் நினைக்கலாம். நம் கூட்டங்களில் திரை கட்டி நாம் எதைப் போட்டுக் காட்டுகிறோம் என்பதில் போய் முடிகிற விஷயம் இது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

1

2025 ஏப்ரல் 22ல் காஷ்மீரின் பஹல்காமில் 26 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மே 7 விடியுமுன் இந்திய ராணுவம் தாக்குதலைத் தொடங்கியது. மே 10 மாலை சண்டை நின்றது. மொத்தம் நான்கு நாள். எல்லையோரத்தில் இருந்தவர்கள் வீட்டையும் உயிரையும் இழந்தார்கள். அது ஒரு போர். நம் வீட்டுக் கூடத்துக்கு வந்தது வேறொரு போர். மே 8 இரவு கராச்சித் துறைமுகம் அழிந்தது என்றார்கள். இஸ்லாமாபாத் விழுந்தது என்றார்கள். இரண்டும் நடக்கவில்லை. கணினி விளையாட்டிலிருந்து எடுத்த காட்சிகளும் வேறு நாட்டுச் சண்டையின் பழைய காட்சிகளும் நேரலை என்ற பட்டையோடு ஓடின. பூஞ்ச் நகரில் எறிகணை விழுந்து இறந்துபோன ஒரு மதரசா ஆசிரியரைத் தீவிரவாதி என்று சில சேனல்கள் காட்டின. அந்த ஊர்ப் போலீசே வந்து அதை மறுக்க வேண்டியதாயிற்று.

இதற்கெல்லாம் பின்னணி இசை சைரன். விளம்பர இடைவேளை முடிந்தால் சைரன், தலைப்புச் செய்தி மாறினால் சைரன். மே 10ல் மத்திய உள்துறையின் கீழ் இயங்கும் தீயணைப்பு, குடிமைப் பாதுகாப்பு இயக்குநரகம் எல்லாச் சேனல்களுக்கும் ஒரு அறிவுரை அனுப்பியது. விழிப்புணர்வு நிகழ்ச்சி தவிர மற்றவற்றில் வான்தாக்குதல் சைரனைப் பயன்படுத்தாதீர்கள் என்று. காரணம் என்ன தெரியுமா? தினம் தினம் கேட்டால் மக்களுக்கு அந்த ஒலி பழகிவிடும், நிஜமாக விமானம் வரும்போது அலட்சியமாக இருந்துவிடுவார்கள். மக்கள் பயந்து செத்துப்போவார்களே என்று அரசு கவலைப்படவில்லை. மக்களுக்குப் பயம் விட்டுப்போகுமே என்றுதான் கவலைப்பட்டது. குடிமக்களின் பயம் அரசுக்குத் தேவையான சரக்கு. அதைச் சேனல்கள் கண்டபடி செலவழித்துவிடக் கூடாது. ஒரு பக்கக் கடிதத்தில் அரசு தன் உளவியலை எழுதிக் கொடுத்துவிட்டது.

சென்னையின் மேற்குப் புறத்தில் இருக்கிற நமக்குப் போர் ரொம்பத் தூரம் என்று சொல்ல முடியாது. ஆவடியில் டாங்கி செய்கிறார்கள், சிப்பாய்க்குச் சீருடை தைக்கிறார்கள். பூந்தமல்லித் தனி நீதிமன்றத்தில்தான் 1998 ஜனவரியில் ராஜீவ் கொலை வழக்கில் 26 பேருக்கும் தூக்கு என்று தீர்ப்பு வாசித்தார்கள். போரைச் செய்கிற இடமும் போரின் மிச்சத்துக்குத் தண்டனை எழுதுகிற இடமும் நம் பக்கத்து ஊர்கள். ஆனாலும் மே மாதத்தில் எங்கள் தெருவுக்குப் பயம் வந்த வழி இந்த இரண்டும் இல்லை.

2

நான் வங்கிக் குமாஸ்தா. வானகரத்தில் குடியிருக்கிறேன். மே 9 வெள்ளிக்கிழமை. மறுநாள் இரண்டாம் சனி, அதற்கு மறுநாள் ஞாயிறு. ஏடிஎம் எல்லாம் இரண்டு மூன்று நாளைக்கு மூடப்போறாங்க என்று வாட்ஸ்அப்பில் ஒரு வதந்தி சுற்றியது. பொய் என்று அரசின் பத்திரிகைத் தகவல் பிரிவு மறுத்தது. வதந்தி போன தெருவுக்கெல்லாம் மறுப்பு போகிறதா என்ன?

காலை பத்து மணிக்கே வரிசை வாசலைத் தாண்டிவிட்டது. லட்சக்கணக்கில் போட்டு வைத்திருக்கிற ஆள் ஒருத்தரும் அந்த வரிசையில் இல்லை. அவர்கள் செல்போனிலேயே மாற்றிக்கொள்வார்கள், அல்லது மேனேஜருக்குப் போன் போடுவார்கள். வந்தவர்கள் அபார்ட்மெண்டில் பாத்திரம் தேய்க்கிற பெண்கள், மீன் மார்க்கெட்டில் கூடை தூக்குகிறவர்கள், ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளர்கள், முதியோர் பென்ஷன் வாங்குகிற ஆயாக்கள். எடுத்தது ஐநூறு, ஆயிரம், மிஞ்சினால் ரெண்டாயிரம். கணக்கில் அவ்வளவுதான் இருந்தது.

ஒரு ஆயா கேட்டாங்க. "இன்னா சார், துட்டு குடுக்காம மூடிடுவீங்களா?"

"யாரு சொன்னது ஆயா?"

"டிவில சைரன் ஊதிகினே கீறானே. ராத்திரி எட்டு மணிக்கு வந்து பேசுவாரா? இந்த ஐநூறு செல்லும்தானே?"

தோழர்களே, அந்தக் கேள்வியைத் திரும்பப் படியுங்கள். அந்த ஆயா பயந்தது ஏவுகணைக்கு இல்லை. 2016 நவம்பர் 8 இரவு எட்டு மணிக்கு. அன்று பிரதமர் பேசி முடித்ததும் சுருக்குப்பையில் இருந்த பணம் காகிதமாகிப் போனது. மகனுக்குத் தெரியாமல் சேர்த்து வைத்திருந்த நோட்டுகளை எடுத்துக்கொண்டு எத்தனை கிழவிகள் வெயிலில் நின்றார்கள்! டிவி சைரன் அந்தப் பழைய காயத்தைத்தான் போய்த் தொட்டது. அபார்ட்மெண்டின் பத்தாவது மாடியில் இருப்பவரும் அதே சைரனைத்தான் கேட்டார். அவருக்கு அது பாகிஸ்தான். ஆயாவுக்கு அது அரசாங்கம். சத்தம் ஒன்று, பயம் இரண்டு.

இன்னொரு ஆளையும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் ஒரு பாய் பிரியாணிக் கடை வைத்திருக்கிறார். வழக்கமாக அந்தக் கடை டிவியில் பழைய பாட்டு ஓடும். அந்த நான்கு நாளும் காலையில் கடை திறந்ததிலிருந்து ராத்திரி ஷட்டர் இறக்குகிற வரைக்கும் செய்திச் சேனல், அதுவும் ரோட்டுக்குக் கேட்கிற மாதிரி. "ஏன் பாய், பாட்டு போடலியா?" என்று கேட்டேன். "வேணாம் தம்பி. இப்ப பாட்டுப் போட்டா, பாரு இவன் பாட்டு கேக்கிறான்னு சொல்வாங்க" என்றார். நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் அவர் போரைப் பார்த்தார். ஆசைப்பட்டுப் பார்க்கவில்லை. பார்க்கிறேன் என்று மற்றவர்களுக்குக் காட்டப் பார்த்தார். ஒரு வினாத்தாள் அவரிடம் போயிருந்தால் "12 மணி நேரம்" என்று ஒரு எண் விழுந்திருக்கும். அந்த எண்ணுக்குள்ளே என்ன இருக்கிறது என்று யார் படிப்பது?

எங்கள் தெருப் பையன்களையும் விட்டுவிடக் கூடாது. அவர்கள் பயப்படவே இல்லை. கொண்டாடினார்கள். "கராச்சி காலிண்ணா" என்று எனக்கே அனுப்பினார்கள். மற்ற நாளெல்லாம் எந்தத் தெருவில் பைக் ஓட்டலாம், எந்தத் தெருவில் ஓட்டக் கூடாது என்று சாதி பார்த்து வழி சொல்கிற தேசம், போர் வந்தால் மட்டும் அவர்களைத் தோளில் கைபோட்டுக் கூப்பிடுகிறது. வாடா, நீயும் நம்மாள்தான் என்கிறது. அந்த நான்கு நாள் போதையும் உளவியல் விளைவுதான். பதற்றம் இருக்கிறதா, தூக்கம் கெட்டதா, கெட்ட கனவு வருகிறதா என்று கேட்கிற வினாத்தாளில் இந்தப் பையன்கள் ஆரோக்கியமானவர்களாகத் தேறிவிடுவார்கள். மே 10க்குப் பிறகு தோளிலிருந்து கை எடுபட்டபோது அவர்களுக்கு என்ன ஆனது என்பதற்கு அதில் கட்டமே கிடையாது.

3

சரி, ஆராய்ச்சிக்காரர்கள் என்ன கண்டுபிடித்தார்கள்? அதைக் கேலி செய்துவிட்டுப் போக முடியாது. அதில் நமக்குப் பயன்படுகிற விஷயம் நிறைய இருக்கிறது.

அமெரிக்காவில் ராக்சேன் கோஹன் சில்வர், அலிசன் ஹோல்மன் என்ற உளவியலாளர்களும் அவர்களது குழுவினரும் 2001 செப்டம்பர் 11 தாக்குதலிலிருந்தே இதைத் தொடர்ந்து அளந்து வருகிறார்கள். 2013ல் வெளியான அவர்களது ஆய்வு, இரட்டைக் கோபுரத் தாக்குதலையும் 2003 இராக் போரின் தொடக்கத்தையும் தினம் நான்கு மணி நேரமும் அதற்கு மேலும் தொலைக்காட்சியில் பார்த்தவர்களை எடுத்துக்கொண்டது. அவர்களுக்கு மன உளைச்சல் அறிகுறிகள் கூடுதலாக இருந்தன. இரண்டு மூன்று ஆண்டு கழித்து உடல் நோய்களும் புதிதாகத் தலைகாட்டின. மனசோடு நிற்காமல் அது உடம்பில் போய் உட்கார்ந்துவிட்டது.

2014ல் வந்த அடுத்த ஆய்வு இன்னும் அதிர வைத்தது. 2013 ஏப்ரலில் பாஸ்டன் மாரத்தான் ஓட்டத்தில் குண்டு வெடித்தது. அதன்பின் அமெரிக்கா முழுக்க 4,675 பேரிடம் கேட்டார்கள். குண்டு வெடித்த வாரத்தில் தினம் ஆறு மணி நேரத்துக்கு மேல் அந்தச் செய்தியைப் பார்த்தும் கேட்டும் படித்தும் இருந்தவர்களுக்கு, வெடித்த இடத்திலோ அதன் பக்கத்திலோ இருந்தவர்களைவிட அதிகமான கடும் மன அழுத்தம் இருந்தது. நிஜக் குண்டைவிடப் படக்குண்டு சில பேருக்குப் பலமாக வெடித்திருக்கிறது.

பயந்த சுபாவம் உள்ளவர்கள்தானே செய்தியை அதிகம் பார்ப்பார்கள், பார்த்ததால் பயமா, பயத்தால் பார்த்தார்களா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதே குழு 4,000க்கும் மேற்பட்டவர்களை மூன்று ஆண்டு விடாமல் பின்தொடர்ந்து 2019ல் விடை சொன்னது. இரண்டும்தான். பாஸ்டன் செய்தியை அதிகம் பார்த்தவர்களுக்கு உளைச்சல். உளைச்சலால் நாளை என்ன நடக்குமோ என்ற கவலை. அந்தக் கவலையால் 2016ல் ஆர்லாண்டோவில் துப்பாக்கிச் சூடு நடந்தபோது இன்னும் அதிகமாகப் பார்த்தார்கள். அதனால் இன்னும் உளைச்சல். செக்குமாடு மாதிரி ஒரு சுற்று. இந்தச் சுற்றில்தான் சேனல்காரன் எண்ணெய் ஆட்டுகிறான்.

மணிக்கணக்கு மட்டும் போதாது என்று அவர்களுக்கே தெரிந்திருக்கிறது. எந்த மாதிரிப் படம் பார்த்தார்கள், ரத்தம் தெரிந்ததா என்பதையும் பிறகு சேர்த்துக்கொண்டார்கள். ஆகவே அளவுகோலில் இப்போது இரண்டு கோடுகள் இருக்கின்றன. எத்தனை மணி, என்ன படம். மூன்றாவது கோடு ஒன்று வேண்டும். அதைத்தான் நாம் கேட்க வேண்டும். படத்தில் இருப்பவன் உனக்கு யார்?

4

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய்க் கையேடு, ஐந்தாம் பதிப்பு, 2013ல் வந்தது. உலகம் முழுக்க மருத்துவர்கள் புரட்டுகிற புத்தகம். பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய் என்று ஒருவருக்குச் சீட்டு எழுத வேண்டுமானால் அவர் எந்த விதத்தில் அந்தக் கொடுமையை எதிர்கொண்டிருக்க வேண்டும் என்று அதில் விதி இருக்கிறது. தானே அனுபவித்திருக்கலாம். நேரில் பார்த்திருக்கலாம். நெருங்கிய உறவினருக்கோ நண்பருக்கோ நேர்ந்ததாக அறிந்திருக்கலாம். வேலை காரணமாகத் திரும்பத் திரும்ப அதன் விவரங்களைப் பார்க்க நேர்ந்திருக்கலாம். தொலைக்காட்சியிலும் மின்னணுச் சாதனங்களிலும் பார்த்தது கணக்கில் சேராது, வேலைக்காகப் பார்த்திருந்தால் தவிர.

2016 மார்ச் 13. உடுமலைப்பேட்டை பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் பட்டப்பகலில் சங்கரை வெட்டினார்கள். தலித் இளைஞர், பொறியியல் மாணவர், கவுசல்யாவை மணந்தவர். கண்காணிப்புக் காமிராவில் பதிவான அந்தக் காட்சி அன்று மாலையிலிருந்து எல்லாச் சேனலிலும், எல்லாக் கைபேசியிலும் ஓடியது. மேற்படி புத்தகத்தை வைத்துப் பாருங்கள். காட்சியை வெட்டி ஒட்டிய சேனல் ஊழியருக்கு நோய் வரலாம், அது அவர் வேலை. சங்கரின் தம்பிக்கு வரலாம், நெருங்கிய உறவு. அதே வாரம் வேறு ஊரில், வேறு சாதிப் பெண்ணைக் காதலித்துக்கொண்டிருந்த ஒரு சேரிப் பையன் தன் கைபேசியில் அதை முப்பது தடவை பார்த்தான் என்றால் அவனுக்கு வராது. அவனுக்குச் சங்கர் யாருமில்லை.

யாருமில்லையா? அவன் பார்த்தது இன்னொருவனின் சாவை இல்லை. தனக்குக் குறித்த தேதியைப் பார்த்தான். சாதி இந்து வீட்டுப் பையனும் அதே படத்தை அதே முப்பது தடவை பார்த்திருக்கலாம். அவன் பதறியிருக்கலாம், அழுதும் இருக்கலாம், அதை நான் சந்தேகப்படவில்லை. ஆனால் அவன் பார்வையாளன். இவன் அடுத்த ஆள். இந்த இரண்டு பேரையும் ஒரே வரிசையில் உட்கார வைத்து, எத்தனை மணி நேரம் பார்த்தாய் என்று கேட்கிற அளவுகோலுக்குக் கண் இருக்கிறது, பிறப்பு தெரியவில்லை.

இது நம் ஆத்திரத்தில் சொல்கிற பேச்சு என்று யாராவது சொன்னால் அவர்களுக்குக் காட்ட ஒரு கணக்கு இருக்கிறது. 2018ல் லான்செட் மருத்துவ இதழில் ஜேக்கப் போரும் அவருடன் சேர்ந்தவர்களும் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். அமெரிக்காவில் ஆயுதம் இல்லாத கருப்பினத்தவரைப் போலீஸ் கொல்கிறபோது அதே மாநிலத்தில் வசிக்கிற மற்றக் கருப்பின மக்களின் மனநலம் என்ன ஆகிறது என்று பார்த்தார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கருப்பினத்தவரின் பதில்கள். ஒவ்வொரு கொலைக்குப் பிறகும் அடுத்த சில மாதங்களில் மனசு சரியில்லை என்று அவர்கள் சொன்ன நாட்கள் கூடின. செத்தவரை அவர்களுக்குத் தெரியாது. சொந்தமில்லை, சிநேகிதமில்லை. வெள்ளையரின் பதில்களில் அப்படி எந்த மாற்றமும் இல்லை. ஆக, "நெருங்கியவர்" என்ற சொல்லுக்குக் குடும்ப அட்டையில் விளக்கம் தேட முடியாது. ஒடுக்கப்பட்டவனுக்கு நெருக்கம் என்பது ஒரே காரணத்துக்காகச் சாகக்கூடியவர்கள் என்கிற நெருக்கம்.

இந்த மாதிரி ஒரு ஆய்வை இங்கே ஏன் செய்யக் கூடாது? வன்கொடுமை வழக்குகளின் எண்ணிக்கையை அரசே ஆண்டுதோறும் அச்சடிக்கிறது. மாவட்டந்தோறும் மருத்துவமனை இருக்கிறது. பல்கலைக்கழகங்களில் உளவியல் துறை இருக்கிறது, அதில் நம் பிள்ளைகள் படிக்கிறார்கள். இந்த மூன்றையும் ஒன்றாகக் கட்டுகிற கயிறுதான் தேவை.

5

பார்த்ததை மட்டும் அளந்தால் போதாது. பார்க்க விடாமல் செய்ததையும் அளக்க வேண்டும்.

2009 ஜனவரி முதல் மே வரை வன்னியில் நடந்த கடைசிப் போரை நினைத்துப் பாருங்கள். சுயேச்சையான பத்திரிகையாளர்களை இலங்கை அரசு உள்ளே விடவில்லை. பொதுமக்கள் 40,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்று ஐ.நா. பொதுச்செயலர் அமைத்த நிபுணர் குழு 2011ல் சொன்னது. நடக்கிறபோது நமக்கு வந்தது என்ன? எந்தச் சேனல் எந்தக் கட்சியின் கையில் இருந்ததோ அதற்குத் தக்க செய்தி. படங்கள் வேறு வழியில் வந்தன. குறுந்தகடாகக் கைமாறின. பிளக்ஸ் பேனராகக் கூட்டுரோட்டில் நின்றன. பள்ளிக்கூடத்துக்குப் போகிற குழந்தை பஸ்ஸுக்குக் காத்திருக்கிற இடத்தில் தலையில்லாத குழந்தையின் படம். இதற்கு மணிக்கணக்கு எப்படிப் போடுவது? டிவியை அணைக்கலாம். பூந்தமல்லி நெடுஞ்சாலையை அணைக்க முடியுமா?

2009 ஜனவரி 29ல் முத்துக்குமார் சென்னை சாஸ்திரி பவன் வாசலில் தீக்குளித்து இறந்தார். அவருக்குப் பின்னும் பலர் இறந்தார்கள். அவர்களை வீரவணக்கச் சுவரொட்டியில் ஏற்றிவிட்டுக் கட்சிகள் போய்விட்டன. இன்னொரு கேள்வியை யாரும் கேட்கவில்லை. கண்ணெதிரே சாவு வந்துகொண்டே இருக்கிறது, கையால் எதுவும் செய்ய முடியவில்லை என்கிற நிலையில் ஒரு சமூகத்தை மாதக்கணக்கில் நிறுத்தி வைத்தால் அதன் இளைஞர்களுக்கு என்ன ஆகும்? யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் வேலை செய்த மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் 1998லேயே இதைப்பற்றி நூல் எழுதியவர். போரின் காயம் தனி மனிதரோடு நிற்பதில்லை, குடும்பம், ஊர், உறவு எல்லாம் சேர்ந்து உடைகிற கூட்டுக் காயம் அது என்று தொடர்ந்து சொல்லி வருகிறவர். கடலுக்கு அந்தப்பக்கம் அளந்த அந்த மருத்துவரின் கோலைக் கடலுக்கு இந்தப்பக்கம் நாம் வாங்கிக்கொள்ளவே இல்லை.

மணிப்பூரைப் பாருங்கள். 2023 மே 4ல் குக்கிப் பெண்களை நிர்வாணமாக்கி நடத்திச் சென்றார்கள். இணையம் முடக்கப்பட்டிருந்தது. ஜூலை 19ல் காட்சி வெளியே வந்தபிறகுதான் தேசம் அதிர்ந்தது. இரண்டரை மாதம் தேசத்தின் மனசு சௌக்கியமாக இருந்தது, ஏனென்றால் பார்க்கவில்லை. அந்தப் பெண்களில் ஒருவரின் கணவர் கார்கில் போரில் நின்ற சிப்பாய். 1999ல் கார்கிலைக் கூடத்தில் உட்கார்ந்து தொலைக்காட்சியில் பார்த்துக் கைதட்டிய அதே தேசம்தான். அவர் சுட்டது நேரலை. அவர் மனைவிக்கு நேர்ந்தது இருட்டடிப்பு.

காமிராவே இல்லாத காலத்திலும் இது நடந்திருக்கிறது. 1997 ஜூன் 30ல் மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனையும் மேலும் ஐந்து பேரையும் ஓடும் பஸ்ஸை மறித்து வெட்டிக் கொன்றார்கள். படம் ஓடவில்லை. ஆளுக்கு ஆள், டீக்கடைக்கு டீக்கடை, களத்துக்குக் களம் செய்தி போனது. அதே மதுரைச் சீமையில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் என்ற தனி ஊராட்சிகளில் 2006 வரை ஒழுங்காகத் தேர்தல் நடத்த முடியவில்லை. ஆதிக்கசாதி மிரட்டலும் நம் மக்களின் பயமும் சேர்ந்து எழுதிய கணக்கு அது. பயத்தை அளக்க எப்போதும் வினாத்தாள் தேவையில்லை. தாக்கல் ஆகாத வேட்புமனுவை எண்ணலாம். இரண்டு நாள் லீவுக்கு முன்னால் எடுக்கப்பட்ட ஐநூறு ரூபாயை எண்ணலாம். பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டை எண்ணலாம். குமாஸ்தாவான எனக்கு இந்த மாதிரிக் கணக்கில்தான் நம்பிக்கை அதிகம். மனுஷன் வாயால் மறைப்பதைக் காகிதம் சொல்லிவிடும்.

6

இனி நம் வீட்டுக்கு வருவோம்.

நம் கூட்டங்களில் திரை கட்டுகிறோம். கொலையுண்டவர்களின் படங்கள், எரிந்த குடிசைகள், வெட்டுப்பட்ட உடல்கள். பின்னணியில் சினிமா இசை. முன் வரிசையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? நம் குழந்தைகள். எப்போதும் குழந்தைகள்தான் முன்னால் உட்காருவார்கள், திரை தெரிய வேண்டும் என்று. நான் கேட்டால் தோழர்கள் சொல்கிற பதில் எனக்குத் தெரியும். "படம் போடாட்டி கோபம் வராது தோழர். கயர்லாஞ்சியை எந்தப் பத்திரிகை போட்டது? நாம படத்தைக் கைமாத்தி விட்ட பிறகுதானே தெரிஞ்சது?"

உண்மை. 2006 செப்டம்பர் 29ல் கயர்லாஞ்சியில் போட்மாங்கே குடும்பத்தில் நான்கு பேர் கொல்லப்பட்டபோது பெரிய பத்திரிகைகள் வாய் திறக்கவில்லை. உடல்களின் படங்கள் தலித் இயக்கத்தாரின் கைகளில் சுற்றிய பிறகுதான் மகாராஷ்டிரம் தெருவுக்கு வந்தது. 1955ல் அமெரிக்காவில் எம்மெட் டில் என்ற 14 வயதுக் கருப்பினச் சிறுவனை அடித்துக் கொன்றபோது அவன் தாய் சவப்பெட்டியை மூடவிடவில்லை. என் மகனுக்கு என்ன செய்தார்கள் என்று உலகம் பார்க்கட்டும் என்றார். படம் சாட்சி. சாட்சியை மறைக்கச் சொல்கிறவன் கொலைகாரனுக்கு உதவுகிறான். இதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை.

ஆனால் இந்த இரண்டு இடத்திலும் ஒன்றைக் கவனியுங்கள். மறைக்கப்பட்டதைத்தான் காட்டினார்கள். டில்லின் படத்தைக் காட்டுவது என்று முடிவெடுத்தவர் பெற்ற தாய். சங்கர் விஷயத்தில் மறைப்பு எதுவும் இல்லை. ஊரே பார்த்துவிட்டது. பார்த்ததனால் நீதி வந்ததா? 2017ல் ஆறு பேருக்குத் தூக்கு என்றது திருப்பூர் நீதிமன்றம். 2020 ஜூனில் உயர்நீதிமன்றம் ஐந்து பேரின் தூக்கை ஆயுளாகக் குறைத்தது, பெண்ணின் தந்தையை விடுவித்தது. வெட்டியது படத்தில் இருக்கிறது. திட்டம் போட்டது எந்தப் படத்திலும் இல்லை. அதை நிரூபிக்கத் தேவைப்பட்டது தொலைபேசிப் பதிவு, பணம் கைமாறிய கணக்கு, பிறழாத சாட்சி. அந்த வேலைக்கு ஆள் வேண்டும், அது கூட்டத்தில் காட்டுகிற வேலை இல்லை.

அதே படத்தை யார் யார் ரசித்துப் பார்த்தார்கள் என்பதையும் மறக்காதீர்கள். சாதிப் பெருமை பேசுகிற கும்பல்கள் அதை எச்சரிக்கையாகப் பரப்பின. இதுதான் நடக்கும் என்று நம் பெண்களுக்கும் பையன்களுக்கும் காட்டின. வெட்டுகிறவனுக்கு அரிவாள் போதவில்லை, ஆறு கோடிப் பேரின் கைபேசி தேவைப்படுகிறது. நாம் நம் திரையில் அதை இன்னொரு தடவை ஓட்டும்போது கோபம் வருகிறது என்று நினைக்கிறோம். முன்வரிசைக் குழந்தைக்கு வருவது கோபமா, பாடமா?

நான் சொல்வது இது. மறைக்கப்பட்ட கொடுமைக்குப் படம் வேண்டும். அதை ஆணையத்திடம், நீதிமன்றத்தில், பத்திரிகையாளரிடம் கொண்டுபோய் வையுங்கள். பொதுவில் காட்டுவதானால் இறந்தவரின் குடும்பத்தைக் கேட்டுவிட்டுக் காட்டுங்கள். காட்டுவதற்கு முன் சொல்லுங்கள், குழந்தைகளை அப்புறப்படுத்துங்கள், சினிமா இசையை நிறுத்துங்கள். ஏற்கெனவே எல்லோரும் பார்த்ததை மறுபடி மறுபடி ஓட்டாதீர்கள். அந்த இடத்தில் அந்த மனுசனின் சிரித்த முகத்தைப் போடுங்கள். அவன் என்ன படித்தான், யாரை நேசித்தான், வழக்கு எந்தக் கட்டத்தில் நிற்கிறது, வாய்தா என்றைக்கு என்று சொல்லுங்கள். கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போகிறவன் கையில் செய்ய ஒரு வேலை இருக்க வேண்டும். வேலை இல்லாத கோபம் உள்ளே போய் அழுகும். 2009ல் பார்த்தோமே.

7

உளவியல் படிக்கிற நம் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மேலைநாட்டு வினாத்தாளை மொழிபெயர்த்துக்கொண்டு சேரிக்குப் போகாதீர்கள். அதில் உள்ள மணிக்கணக்கையும் படக்கணக்கையும் வைத்துக்கொள்ளுங்கள், அவை சோதித்துப் பார்த்தவை. கூடவே இவற்றையும் கேளுங்கள்:

படத்தைப் பார்த்தபோது, இது எனக்கும் நடக்கும் என்று நினைத்தாயா, இல்லை ஐயோ பாவம் என்று நினைத்தாயா?

நீயாகப் பார்த்தாயா? பார்க்காவிட்டால் தப்பாக நினைப்பார்களே என்று பார்த்தாயா? பார்க்காமல் இருக்க வழியில்லாமல் பார்த்தாயா?

அதைப் பார்த்தபோது இதற்கு முன் நடந்த எது ஞாபகம் வந்தது?

பார்த்த பிறகு எதைச் செய்யாமல் விட்டாய்? எந்தத் தெருவழியே போவதை, யாரோடு பேசுவதை, எந்த மனுவைக் கொடுப்பதை?

சந்தோஷமாக இருந்ததா? இருந்தது என்றால் அந்தச் சந்தோஷம் எத்தனை நாள் நின்றது?

உன் ஊரில் நடந்த எந்தக் கொடுமை எந்தத் திரையிலும் வரவில்லை? வராமல் போனது உன்னை என்ன செய்தது?

பார்த்துவிட்டு யாரிடம் பேசினாய்?

ஏழு கேள்விதான். ஊரிலும் கேளுங்கள், சேரியிலும் கேளுங்கள், பாய்மார் தெருவிலும் கேளுங்கள், கும்மிடிப்பூண்டி, புழல் அகதி முகாம்களிலும் கேளுங்கள். பெயரைக் குறிக்காதீர்கள். பதில் சொல்கிறவர் உடைந்து அழுதால் தாளை மூடி வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். மனநல மருத்துவர் யார், எந்த அரசு மருத்துவமனையில் எந்தக் கிழமை பார்ப்பார் என்று விசாரித்து வைத்துக்கொண்டு போங்கள். கேள்வி மட்டும் கேட்டுவிட்டு வருவது திருட்டு.

அடுத்த போர் எப்போது வரும் என்று தெரியாது. அது எல்லையிலும் வரலாம், மேலத்தெருவிலும் வரலாம். வரும்போது சேனல்கள் தயாராக இருக்கும், சைரனோடு. அதற்குள் நம் கையில் நம் மக்களின் கணக்கு இருக்க வேண்டும். முதல் ஐம்பது பேரின் பதில் கிடைத்ததும் இதழுக்கு எழுதுங்கள்.